பெரிய குழந்தை

தோ பாயோ என்னும் பெயர் இரண்டு மொழிகள் சேர்ந்து பிறந்தது. ‘தோ’ என்றால் ஹொக்கியன் மொழியில் பெரியது. ‘பாயோ’, சதுப்பு நிலத்தைக் குறிக்கும் ‘பாயா’ என்னும் மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது. பெரிய சதுப்பு நிலமாக இருந்த அவ்விடத்தில் 1960களில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அடுக்குமாடி வீடுகளைக் கட்டி எழுப்பியது. இன்று அங்குள்ள புளோக்குகளுக்கு இடையே மாலை நேரத்தில் நடந்தால், பேரக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து அழைத்து வரும் தாத்தா பாட்டிகளைப் பார்க்கலாம். இரு பாட்டிகள் சந்தித்துக்கொண்டால் முதலில் எழும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்.

“பிறந்தப்ப எத்தனை கிலோ?”

“நாலு கிலோவுக்கு மேல!” என்று ஒருவர் பெருமையோடு சொல்வார். சொன்ன கையோடு, கண் பட்டுவிடக்கூடாதே என்று குழந்தையின் கன்னத்தில் இருக்கும் திருஷ்டிப் பொட்டையும் சரிபார்த்துக்கொள்வார்.

அந்தப் பெருமையில் நியாயம் இல்லாமல் இல்லை. எடை குறைந்து பிறந்த பிள்ளைகள் தங்காமல் போன காலத்தைப் பார்த்த தலைமுறை அது. கொழுகொழுவென்று இருக்கும் குழந்தை பிழைத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை அவர்களுடைய அனுபவத்திலிருந்து வந்தது. ஆனால் மருத்துவர்கள் பெரிய குழந்தையைப் பார்க்கும்போது, “ஏன் இவ்வளவு பெரியது?” என்று ஒரு கேள்வி கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில்களுள் மிக அரிதான ஒன்றைப் பற்றியே இப்பகுதியில் படிக்கப் போகிறோம்.

முதலில் வழக்கமான பதில்களைப் பார்த்துவிடுவோம். சிங்கப்பூரில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு சுகாதாரக் கையேடு உண்டு. வீட்டில் உங்களுடையதும் எங்காவது பத்திரமாக இருக்கும். தேடி எடுத்துப் பாருங்கள். அதில் எடை, உயரம், தலைச் சுற்றளவு ஆகியவற்றுக்கான வரைபடங்கள் இருக்கும். மேலும் கீழுமாக வளைந்து செல்லும் பல கோடுகளில் நடுவே இருப்பது 50ஆம் கோடு. ஒரே வயதுள்ள 100 குழந்தைகளை எடை வரிசையில் நிற்க வைத்தால் நடுவில் நிற்பவரின் எடையை அது காட்டுகிறது. 97ஆம் கோட்டுக்கு மேல் ஒரு குழந்தையின் புள்ளி விழுந்தால், அந்தக் குழந்தையைவிட எடை கூடியவர்கள் நூற்றுக்கு மூவர்கூட இல்லை என்று பொருள்.

அப்படி விழும் குழந்தைகளில் பலர் நலமாகவே இருக்கிறார்கள். பெற்றோர் உயரமானவர்களாக இருக்கலாம். தாய்க்குக் கர்ப்பகால நீரிழிவு இருந்திருக்கலாம். இந்த இரண்டாவது காரணம் நம் நாட்டில் அடிக்கடி காணப்படுவது. 2009இல் தொடங்கி, கேகே மகளிர், சிறார் மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் 1,200க்கும் மேற்பட்ட தாய்மார்களைச் சேர்த்து நடத்தப்பட்ட ‘கஸ்டோ’ ஆய்வில், ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்குக் கர்ப்பகால நீரிழிவு இருந்தது தெரியவந்தது. தாயின் இரத்தத்தில் மிகுந்திருக்கும் சர்க்கரை நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தையைச் சென்றடைகிறது. தாயின் இன்சுலின் அவ்வாறு செல்வதில்லை. ஆகவே குழந்தையின் கணையம் தானே கூடுதலாக இன்சுலினைச் சுரக்கிறது. கருவில் இருக்கும் குழந்தைக்கு இன்சுலின் வளர்ச்சியைத் தூண்டும் பொருளாகவும் செயல்படுவதால் குழந்தை பெருக்கிறது. தாயின் சர்க்கரை அளவைக் கட்டுக்குள் வைத்தால் இதைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம்.

ஆனால் தாய்க்கு நீரிழிவே இல்லை. பெற்றோர் இருவரும் நடுத்தர உயரம். பேறுகாலத்துக்குச் சில வாரங்கள் முன்னதாகவே பிறந்த குழந்தை நான்கு கிலோவைத் தாண்டி நிற்கிறது. கர்ப்பத்தின்போது எடுத்த மீயொலி ஸ்கேனில் பனிக்குட நீர் அளவுக்கு மீறி இருந்தது. குழந்தையின் இரு சிறுநீரகங்களும் இருக்க வேண்டிய அளவைவிடப் பெரிதாக இருந்தன. இப்போது மருத்துவரின் கேள்விக்கு வேறு பதில் தேட வேண்டியிருக்கிறது.

இப்படிப்பட்ட குழந்தைகள் 1970களின் தொடக்கத்தில் இஸ்ரேலில் மருத்துவர்களின் கவனத்துக்கு வந்தார்கள். யேமன் நாட்டிலிருந்து வந்த ஒரு யூதக் குடும்பம். பெற்றோர் ஒருவருக்கொருவர் உறவினர்கள். அவர்களுக்குப் பெரிய உடலோடும் பெரிய சிறுநீரகங்களோடும் குழந்தைகள் பிறந்தன, பிழைக்கவில்லை. 1970இல் லிபான், கோசெனிட்ஸ்கி என்னும் இரு மருத்துவர்கள் உடன்பிறந்த குழந்தைகளின் சிறுநீரகங்களில் கண்ட மாற்றங்களை எழுதி வெளியிட்டனர். 1973இலும் 1975இலும் பெர்ல்மன் என்னும் மருத்துவரும் அவருடைய சக மருத்துவர்களும் மேலும் விரிவாக எழுதினர். கருவிலேயே மிகுதியான வளர்ச்சி, சிறுநீரகங்களில் முதிராத திசு, பின்னர் சிறுநீரகப் புற்றுநோய் ஆகிய மூன்றும் ஒரே குடும்பத்தில் சேர்ந்து வருவதை அவர்கள் சுட்டிக்காட்டினர். 1980களில் இதற்குப் பெர்ல்மன் நோய்க்குறித் தொகுப்பு என்ற பெயர் நிலைபெற்றது.

நோய்க்குறித் தொகுப்பு என்றால் என்ன? ஒன்றுக்கொன்று தொடர்பு இல்லாதவைபோல் தோன்றும் பல அறிகுறிகள், ஒரே காரணத்தால், மீண்டும் மீண்டும் ஒன்றாகச் சேர்ந்து வருமானால் அத்தொகுதிக்கு அப்பெயர். பெர்ல்மன் குழந்தைகளுக்குக் கண்கள் சற்று உள்வாங்கியிருக்கும். மூக்கின் மேற்பகுதி தட்டையாக இருக்கும். மேலுதடு, கூரையைப்போல நடுவில் உயர்ந்து இருபுறமும் சரிந்து காணப்படும். பிறந்தவுடன் இரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் குறையலாம். ஆண் குழந்தையாக இருந்தால் விந்தகங்கள் தம் பைக்குள் இறங்காமல் வயிற்றுக்குள்ளேயே தங்கியிருக்கலாம். உதடு, சர்க்கரை, சிறுநீரகம், விந்தகம் என்று எங்கெங்கோ இருப்பவற்றை ஒரு நூலில் கோத்துப் பார்த்ததுதான் அந்த மருத்துவர்களின் திறமை.

உலக மருத்துவ ஏடுகளில் இதுவரை பதிவான பெர்ல்மன் குழந்தைகள் சில பத்துப் பேர்தான். ஒரு குழந்தை மருத்துவர் தம் பணிக்காலம் முழுவதும் ஒருவரைக்கூடப் பார்க்காமல் ஓய்வு பெறலாம். இதையொத்த இன்னொரு நோயான பெக்வித்-வீடமன் நோய்க்குறித் தொகுப்பு, ஏறத்தாழப் பத்தாயிரத்துக்குச் சற்று மேற்பட்ட பிறப்புகளில் ஒன்றில் காணப்படுகிறது. அக்குழந்தைகளுக்கு நாக்கு பெரிதாக இருக்கும்; சிலருக்கு உடலின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிடக் கூடுதலாக வளரும். பெரும்பாலோர் நன்கு வளர்ந்து ஆளாகிறார்கள். பெர்ல்மன் குழந்தைகளின் நிலை அப்படியில்லை. பதிவானவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் பிறந்த சில வாரங்களுக்குள்ளேயே இறந்துவிட்டனர். இரண்டு நோய்களையும் வேறுபடுத்தி அறிவது மருத்துவர்களுக்கு மிக முக்கியம். எந்தப் பெயரைச் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்தே பெற்றோருக்குச் சொல்ல வேண்டிய செய்தியும் மாறுகிறது.

இந்நோயில் ஏன் சிறுநீரகமே முதலில் பாதிக்கப்படுகிறது என்பதைப் புரிந்துகொள்ள, சிறுநீரகம் உருவாகும் விதத்தைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழப் பத்து இலட்சம் நெஃப்ரான்கள் இருக்கின்றன. இரத்தத்தை வடிகட்டும் நுண்ணிய வடிகட்டிகள் இவை. இவற்றைக் கட்டுவதற்கென்று கருவில் ஒருவகை முன்னோடிச் செல்கள் உள்ளன. கட்டடம் எழும்போது சாரம் கட்டிக் கொத்தனார்கள் வேலை செய்வதைப்போல, இச்செல்கள் பெருகிப் பெருகி நெஃப்ரான்களை உண்டாக்குகின்றன. கர்ப்பத்தின் 36ஆம் வாரத்தையொட்டி வேலை முடிந்துவிடுகிறது. அதன்பின் முன்னோடிச் செல்கள் எஞ்சியிருப்பதில்லை. எல்லாம் நெஃப்ரான்களாக முதிர்ந்துவிடுகின்றன. பிறந்த பிறகு நம் வாழ்நாளில் ஒரு புதிய நெஃப்ரான்கூட உருவாவதில்லை.

பெர்ல்மன் குழந்தைகளின் சிறுநீரகங்களில் வேலை முடிந்த பிறகும் கொத்தனார்கள் போகவில்லை. முதிராத திசு அங்கங்கே தங்கிவிடுகிறது. சில வேளைகளில் சிறுநீரகம் முழுவதும் பரவிக் கிடக்கிறது. அந்தச் செல்களுக்குப் பெருகத் தெரியும், நிற்கத் தெரியாது. அவற்றுள் ஏதேனும் ஒன்றிலிருந்து புற்றுநோய்க் கட்டி தோன்றலாம். பிறந்த சில வாரங்களைத் தாண்டிப் பிழைத்த பெர்ல்மன் குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் இருவருக்கு அவ்வாறு கட்டி வந்திருக்கிறது. வில்ம்ஸ் கட்டி எனப்படும் அந்தப் புற்றுநோய் மற்றக் குழந்தைகளுக்கு ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒருவருக்கே வருகிறது.

விந்தகத்துக்கும் சிறுநீரகத்துக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். பெரியவர்களின் உடலில் அவை தள்ளித்தள்ளி இருந்தாலும், கருவில் அவை அண்டை வீட்டார். முதுகெலும்பின் இருபுறமும் ஓடும் ஒரே திசு வரம்பிலிருந்துதான் சிறுநீரகமும் விந்தகமும் சூலகமும் உருவாகின்றன. பின்னர்ச் சிறுநீரகம் மேல்நோக்கியும் விந்தகம் கீழ்நோக்கியும் இடம்பெயர்கின்றன. ஒரே மண்ணில் முளைத்தவை என்பதால், அந்த மண்ணில் ஏற்படும் கோளாறு இரண்டிலும் தெரிவது உண்டு. அதனால்தான் சிறுநீரகத்தில் பிறவிக் கோளாறு இருந்தால் மருத்துவர்கள் இனப்பெருக்க உறுப்புகளையும், அங்கே கோளாறு இருந்தால் சிறுநீரகத்தையும் சேர்த்தே பார்க்கிறார்கள். விந்தகம் இறங்காமல் இருப்பது தனியாகவும், வேறு நோய் எதுவும் இல்லாத குழந்தைகளிடமும், பரவலாகக் காணப்படும் நிலைதான். ஒரு வயதையொட்டிச் செய்யப்படும் எளிய அறுவை சிகிச்சையால் அதைச் சரிசெய்துவிடலாம். ஆகவே அந்த ஓர் அறிகுறியை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் அஞ்சத் தேவையில்லை.

இக்குழந்தைகளின் உடலில் எது தவறிப்போகிறது என்பது பெர்ல்மன் எழுதி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகே தெரிந்தது. பிரிட்டனைச் சேர்ந்த பேராசிரியர் ஏமன் மாஹரும் பல நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து, 2012இல், இரண்டாம் குரோமோசோமில் உள்ள ‘டிஸ்3எல்2’ என்னும் மரபணுவில் கோளாறு இருப்பதைக் கண்டுபிடித்தனர். அந்த மரபணு ஒரு நொதியை உருவாக்கும் குறிப்பைக் கொண்டது. அந்த நொதியின் வேலை, எதையும் கட்டுவதன்று, அழிப்பது.

உங்கள் புளோக்கின் மின்தூக்கி அருகே இருக்கும் அறிவிப்புப் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். ‘தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்யப்படும்’, ‘இந்த வாரம் வண்ணம் பூசப்படும்’ என்று அறிவிப்புகள் ஒட்டப்படுகின்றன. வேலை முடிந்ததும் அவற்றைக் கிழித்து எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் என்ன ஆகும்? வண்ணம் பூசுபவர்கள் அறிவிப்பைப் பார்த்துப் பார்த்து மீண்டும் மீண்டும் வந்துகொண்டே இருப்பார்கள். நம் செல்களிலும் அறிவிப்புகள் உண்டு. மரபணுவில் இருக்கும் குறிப்பு ‘ஆர்என்ஏ’ என்னும் தற்காலிகச் செய்தியாக நகலெடுக்கப்படுகிறது. வேலை முடிந்த செய்தி அழிக்கப்பட வேண்டும். சில செய்திகளின் வால்பகுதியில் ‘யு’ என்னும் வேதி எழுத்து அடுத்தடுத்துச் சேர்க்கப்படுகிறது. ‘இதைக் கிழித்துவிடலாம்’ என்பதற்கான அடையாளம் அது. அடையாளத்தைக் கண்டுகொண்டு அந்தச் செய்தியைக் கடைசி எழுத்திலிருந்து கடித்துத் தின்பதுதான் டிஸ்3எல்2 நொதியின் வேலை.

அந்த நொதி இல்லாதபோது சிறுநீரகத்தில் என்ன நடக்கிறது என்பதை எலிகளை வைத்து ஆராய்ந்து 2018இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அவற்றின் சிறுநீரக முன்னோடிச் செல்களில் ‘ஐஜிஎஃப்2’ என்னும் வளர்ச்சிக் காரணியின் அளவு கூடியிருந்தது. ‘வளர், வளர்’ என்று செல்களுக்குச் சொல்லும் பொருள் அது. நான் முன்னர்க் குறிப்பிட்ட பெக்வித்-வீடமன் குழந்தைகளில் பலரிடமும் வேறொரு வழியில் இதே பொருள் மிகுந்துவிடுகிறது. வெவ்வேறு பூட்டுகள் உடைந்தாலும் திறந்துகொண்ட கதவு ஒன்றாக இருக்கிறது. உலகில் சில பத்துப் பேருக்கே வந்த ஒரு நோயை ஆராய ஏன் இத்தனை உழைப்பு என்று கேட்பவர்களுக்கு இதில் ஒரு விடை உண்டு. பெர்ல்மன் நோய் இல்லாத குழந்தைகளுக்கு வந்த வில்ம்ஸ் கட்டிகள் சிலவற்றிலும் டிஸ்3எல்2 மரபணு பழுதாகியிருப்பதை, 2012இல் அம்மரபணுக் கோளாறைக் கண்டுபிடித்த ஆய்வாளர்கள் கண்டனர்.

இனி, குடும்பத்தாரை மிகவும் வருத்தும் கேள்விக்கு வருவோம். “இது யாரால் வந்தது?”

நம் ஒவ்வொருவருக்கும் டிஸ்3எல்2 மரபணுவின் இரு நகல்கள் உள்ளன. ஒன்று தந்தையிடமிருந்தும் மற்றொன்று தாயிடமிருந்தும் வந்தவை. ஒன்று பழுதாக இருந்தாலும் மற்றது வேலையைச் செய்துவிடும். அத்தகையவர் நலமாக இருப்பார்; தம்மிடம் பழுதான நகல் ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. அவரைக் கடத்துநர் என்பர். தாய் தந்தை இருவருமே கடத்துநராக இருந்து, இருவரிடமிருந்தும் பழுதான நகலே குழந்தைக்குச் சென்றால்தான் நோய் வரும். இரண்டு நாணயங்களைச் சுண்டினால் இரண்டிலும் பூ விழுவதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்று. இங்கும் அதே கணக்குத்தான். ஆனால் இந்தக் கணக்கைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். “முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, இனி மூன்று குழந்தைகளுக்கு வராது” என்று நினைத்துவிடக் கூடாது. நாணயத்துக்கு நினைவு கிடையாது. ஒவ்வொரு கர்ப்பத்தின்போதும் அது புதிதாகச் சுண்டப்படுகிறது.

தாய் கர்ப்பமாக இருந்தபோது என்ன சாப்பிட்டாள், கிரகணத்தின்போது வெளியே போனாளா, கனமான பையைத் தூக்கினாளா என்பவற்றுக்கும் இந்நோய்க்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இதைத் தனியாக எழுதக் காரணம் உண்டு. குழந்தைக்கு ஒரு குறை என்றால் உறவினரின் பார்வை முதலில் தாயின்மேல்தான் விழுகிறது. தந்தையிடமிருந்தும் சரிபாதி வந்தால்தான் இந்நோய் வரும் என்பது அறிவியல்.

கடத்துநர் இருவர் சந்திப்பது மிக அரிது. ஆனால் இருவருக்கும் பொதுவான மூதாதையர் ஒருவர் இருந்தால் வாய்ப்புக் கூடுகிறது. தாத்தாவிடம் ஒரு பழுதான நகல் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். அது அவருடைய மகனுக்கும் மகளுக்கும் சென்றிருக்கலாம். அவர்கள் வழியாகப் பேரனுக்கும் பேத்திக்கும் சென்றிருக்கலாம். அந்தப் பேரனும் பேத்தியும் மணந்துகொண்டால், ஒரே பழுதின் இரு நகல்கள் ஒரு குழந்தையில் வந்து சேர வழி ஏற்படுகிறது. பெர்ல்மன் பார்த்த குடும்பத்தில் பெற்றோர் உறவினர்கள் என்று முன்னர்ப் படித்தது இப்போது உங்களுக்கு விளங்கும்.

தமிழர்களுக்கு இது அந்நியமான செய்தியன்று. மாமன் மகள், அத்தை மகன் என்று உரிமையோடு மணந்துகொள்ளும் வழக்கம் நம் குடும்பங்களில் நெடுங்காலமாக இருந்துவருகிறது. அக்காள் மகளை மணப்பதும் உண்டு. இந்தியாவின் தேசியக் குடும்பநல ஆய்வு 2019-21இல் திரட்டிய விவரப்படி, தமிழ்நாட்டில் நான்கு திருமணங்களில் ஒன்றுக்கு மேல் உறவுக்குள் நடந்தவை. சொத்து சிதறாது, பெண் தெரிந்த வீட்டுக்குப் போவாள், மாமியாரே அத்தையாக இருப்பாள் என்று இதற்குச் சொல்லப்படும் காரணங்களை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. அத்தை, மாமா மக்களை மணப்பவர்களின் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் நலமாகப் பிறக்கிறார்கள் என்பதும் உண்மை. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில் 11,000க்கும் மேற்பட்ட குழந்தைகளை ஆராய்ந்து 2013இல் வெளியான ஓர் ஆய்வு, பிறவிக் குறைபாடு ஏற்படும் வாய்ப்பு பொதுவாக நூற்றுக்கு மூன்று என்றால், அத்தை, மாமா மக்களை மணந்தவர்களின் குழந்தைகளுக்கு நூற்றுக்கு ஆறு என்று கண்டது. இதை நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு குழந்தைகள் நலம் என்றும் படிக்கலாம். ஆபத்து இரு மடங்கு என்றும் படிக்கலாம். இரண்டும் ஒரே எண்கள்தாம். திருமணத்துக்கு முன் மரபணு ஆலோசகரிடம் சென்று, “எங்கள் குடும்பத்தில் பிறந்தவுடன் இறந்த குழந்தைகள் உண்டு” என்று மறைக்காமல் சொல்வது, திருமணத்தை நிறுத்துவதற்காக அன்று. தெரிந்துகொண்டு முடிவு செய்வதற்காக. உறவே இல்லாத பெற்றோருக்கும் பெர்ல்மன் குழந்தைகள் பிறந்திருக்கின்றன என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இந்நோயைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. பழுதான மரபணுவைக் குழந்தையின் உடல் முழுவதும் மாற்றியமைக்க இன்று நமக்கு வழி தெரியாது. ஆனால் பிழைத்துக்கொண்ட குழந்தைக்கு வரக்கூடிய வில்ம்ஸ் கட்டியைப் பொறுத்தவரை நிலைமை வேறு.

அந்தக் கட்டிக்குப் பெயரளித்தவர் மக்ஸ் வில்ம்ஸ் என்னும் ஜெர்மானிய அறுவை மருத்துவர். 1899இல் அவர் எழுதிய நூலில் இக்கட்டியை விரிவாக ஆராய்ந்தார். அவர் 1918இல் தொண்டை அடைப்பான் நோயால் இறந்தபோது, இக்கட்டி வந்த குழந்தைகளில் பெரும்பாலோர் பிழைப்பதில்லை. 1950களில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் என்னும் குழந்தை நோயியல் மருத்துவர், அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு ஆகியவற்றோடு ஆக்டினோமைசின்-டி என்னும் மருந்தையும் சேர்த்துக் கொடுத்தார். பிழைக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை உயரத் தொடங்கியது. (அதே ஃபார்பர் அதற்குச் சில ஆண்டுகள் முன்னர் இரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குக் கொடுத்த மருந்தை உருவாக்கிய குழுவின் தலைவர் எல்லப்ரகட சுப்பாராவ். ஆந்திராவில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர்.)

ஆக்டினோமைசினோடு இன்று கொடுக்கப்படும் இன்னொரு மருந்தின் மூலத்தை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். தோ பாயோவில் எத்தனையோ புளோக்குகளின் கீழே, குடியிருப்பாளர்கள் வளர்க்கும் சிறு தோட்டங்களில், இளஞ்சிவப்பிலும் வெள்ளையிலும் ஐந்து இதழ்களோடு பூத்துக்கிடக்கும் நித்தியகல்யாணிதான் அது. அதன் இலைகளிலிருந்து எடுக்கப்படும் வின்கிரிஸ்டின், பெருகும் செல்கள் இரண்டாகப் பிரிவதைத் தடுக்கிறது. மூட்டை மூட்டையாக இலைகளைக் காய்ச்சினாலும் கிடைக்கும் மருந்து மிகமிகக் கொஞ்சம். செடி நச்சுத்தன்மை உடையது. ஆகவே பறித்து மென்று பார்க்கும் ஆசை யாருக்கும் வர வேண்டாம். அறுவை சிகிச்சையும் இத்தகைய மருந்துகளும் சேர்ந்து, வசதியுள்ள நாடுகளில் வில்ம்ஸ் கட்டி வந்த குழந்தைகளில் பத்துக்கு ஏறத்தாழ ஒன்பது பேரை இன்று காப்பாற்றுகின்றன.

பெர்ல்மன் குழந்தைக்கு ஒரு சிக்கல் உண்டு. மற்றவர்களுக்கு ஒரு சிறுநீரகத்தில் கட்டி வந்தால் அதை முழுவதும் எடுத்துவிட்டு, மற்றதை வைத்து வாழ்ந்துவிடலாம். இக்குழந்தைக்கு இரண்டிலுமே முதிராத திசு இருக்கிறது. இன்று ஒன்றை எடுத்துவிட்டால் நாளை மற்றதில் கட்டி வரக்கூடும். ஆகவே அறுவை மருத்துவர்கள் கூடியவரை கட்டியை மட்டும் நீக்கி, நல்ல பகுதியை விட்டுவைக்க முயல்கிறார்கள். கட்டி சிறியதாக இருக்கும்போதே கண்டுபிடித்தால்தான் அது முடியும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? வில்ம்ஸ் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. குழந்தை ஓடி விளையாடிக்கொண்டிருக்கும். குளிப்பாட்டும்போது தாயின் கையிலோ, எண்ணெய் தேய்த்துவிடும் பாட்டியின் கையிலோ வயிற்றின் ஒரு பக்கத்தில் ஏதோ கெட்டியாகத் தட்டுப்படும். உலகெங்கும் இக்கட்டி இப்படித்தான் பல வீடுகளில் முதலில் தெரியவருகிறது. அவ்வாறு தட்டுப்பட்டால் அதை அழுத்தியோ பிசைந்தோ பார்க்காமல் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். அழுத்தினால் கட்டி உடைந்து வயிற்றுக்குள் பரவலாம். ஆனால் கைக்குத் தட்டுப்படும்போது கட்டி ஏற்கெனவே பெரிதாகியிருக்கும். அதுவரை காத்திருக்க முடியாத குழந்தைகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மீயொலி ஸ்கேன் எடுக்கப்படுகிறது.

தோ பாயோவில் வாழும் ஒரு குடும்பம் பலதுறை மருந்தகத்திலிருந்து மேல்சிகிச்சைக்கு அனுப்பப்பட்டால், பெரும்பாலும் புக்கிட் தீமா சாலையில் உள்ள கேகே மருத்துவமனைக்குச் செல்லும். தேக்காவில் காய்கறி வாங்கிக்கொண்டு நடந்தே போய்விடலாம், அவ்வளவு பக்கம். ‘கேகே’ என்பது எருமைக்கொட்டகை என்று பொருள்படும் ‘கண்டாங் கெர்பாவ்’ என்னும் மலாய்ப் பெயரின் சுருக்கம். 1966ஆம் ஆண்டில் மட்டும் அந்த மருத்துவமனையில் ஏறத்தாழ 40,000 குழந்தைகள் பிறந்தன. அப்போது அது உலகச் சாதனை. உங்கள் தாத்தா பாட்டிகளிடம் கேட்டால், அவர்களுள் சிலர் தங்கள் பிள்ளைகள் அங்கே பிறந்த கதையைச் சொல்லக்கூடும். அன்று பிரசவத்துக்குப் புகழ்பெற்ற அவ்விடத்தில் இன்று மரபணு மருத்துவர்களும் குழந்தைப் புற்றுநோய் மருத்துவர்களும் இருக்கிறார்கள். 2019இல் சிங்கப்பூரில் அரியவகை நோய்களுக்கென்று ஒரு நிதி தொடங்கப்பட்டது. பொதுமக்கள் நன்கொடையாகக் கொடுக்கும் ஒவ்வொரு வெள்ளிக்கும் அரசாங்கம் மூன்று வெள்ளி சேர்க்கிறது. விலை மிகுந்த மருந்துகளை வாழ்நாள் முழுவதும் வாங்க வேண்டிய சில நோயாளிகளுக்கு அது பேருதவி. மருந்தே இல்லாத நோய்க்கு அந்த நிதியால் மருந்து வாங்கித் தர முடியாது. இக்குழந்தைகளுக்குக் கிடைக்கக்கூடிய உதவி, தவறாமல் எடுக்கப்படும் ஸ்கேன்தான்.

ஸ்கேன் எடுக்கும்போது வலி இருக்காது. வயிற்றில் குளிர்ச்சியான பசையைத் தடவி, கையடக்கமான ஒரு கருவியை அதன்மேல் உருட்டுவார்கள். கைக்குழந்தையாக இருக்கும்போது அழுகை. நான்கைந்து வயதில் கூச்சமும் சிரிப்பும். பக்கத்தில் நிற்கும் பெற்றோர் மட்டும் திரையைப் பார்த்தபடி மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார்கள். “ஒன்றும் இல்லை, மூன்று மாதம் கழித்து வாருங்கள்” என்று சொல்லும்வரை அவர்களுக்கு வேறெதுவும் காதில் விழாது. ஆண்டுக்கு நான்கு முறை என்று ஏழு வயதுவரை இது தொடரும். கணக்குப் பார்த்தால் 28 முறை. ஏழு வயதுக்குப் பிறகு கட்டி தோன்றும் வாய்ப்பு மிகவும் குறைந்துவிடுவதால் ஸ்கேனை நிறுத்திவிடுவார்கள். நம் நாட்டில் பிள்ளைகள் புதுச் சீருடை அணிந்து தொடக்கநிலை ஒன்றில் சேர்வதும் அந்த வயதில்தான்.